நெற்றியில் எழுதிய நேரம்

எழுபதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம். ஏற்காட்டைத் தாண்டி நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் மிளகு பறித்துக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரு ஊரில் ஒரு வருஷம் தங்கினால் அதிகம். தூத்துக்குடியில் உப்பு வாரினேன், ஈரோட்டில் சாயப்பட்டறையில் நின்றேன், திருச்சியில் ஓட்டலில் மாவாட்டினேன். மலையில் வேலை இருக்கிறது, தங்குவதற்குக் கூலி லயத்தில் இடமும் தருகிறார்கள் என்று சேலம் பஸ் ஸ்டாண்டில் யாரோ சொன்னதைக் கேட்டு மேலே ஏறி வந்தவன். கம்பளி கொண்டு வர வேண்டும் என்பதை மட்டும் அந்த ஆள் சொல்லவில்லை.

அங்கே மிளகுக் கொடி சில்வர் ஓக் மரங்களைப் பிடித்துக்கொண்டு உயரமாக ஏறியிருக்கும். பறிப்பதற்கு ஒற்றை மூங்கில்தான் ஏணி. கணுக்களில் கிளையைக் குட்டையாக விட்டு வெட்டியிருப்பார்கள். அதுதான் படி. காலின் முன்பாதம் மட்டும்தான் அதில் நிற்கும். கீழே ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு ஏணி பிடித்தது தலைச்சோலைப் பக்கத்து மலைக்கார அக்கா ஒருவர். கை எவ்வளவு உறுதியோ வாயும் அவ்வளவு உறுதி. "மேல போயி ஊரு பாக்காத கண்ணு, மெளகு பறி" என்று கீழிருந்து சொல்லிக்கொண்டே இருப்பார்.

மிளகு காயப்போடும் களத்தில் வாட்ச்மேனாக ஒருவர் இருந்தார். பட்டாளத்திலிருந்து வந்தவர். வலது காலில் முழங்காலுக்குக் கீழே மரக்கால். நாங்கள் எல்லோரும் அவரை மிலிட்டரி என்றுதான் கூப்பிடுவோம். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். டீ குடிக்க உட்காரும்போது சண்டைக் கதை கேட்டால் பனியில் சப்பாத்தி கல்லாகிப் போனதையும், மூன்று நாள் ரயிலில் நின்றுகொண்டே போனதையும்தான் சொல்வார். கால் எப்படிப் போனது என்று கேட்டால் ஒரே பதில். "பாகிஸ்தான் பார்டர்ல மறந்து வெச்சுட்டு வந்துட்டனுங்க." எல்லோரும் சிரிப்போம். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை.

அன்று காலை மூடுபனி. மரப்பட்டையெல்லாம் ஈரம். களத்துக்குப் பக்கத்து மரத்தில் ஏறியிருந்தேன். கொடியை மறைத்த கிளையை வெட்ட இடுப்பின் பின்னால் கொக்கிக் கத்தியைச் செருகியிருந்தேன். அங்கே எல்லோரும் அப்படித்தான் ஏறுவார்கள். இறங்கும்போது ஈர மூங்கில் மரத்தில் நிற்காமல் உருண்டது. அக்கா முழு பலத்தோடு பிடித்தும் நிற்கவில்லை. நானும் கத்தியும் சேர்ந்தே விழுந்தோம். இடது கெண்டைக்கால் சதையில் ஆழமான வெட்டு. வலி முதலில் தெரியவில்லை. இரத்தம் பீய்ச்சிப் பீய்ச்சி அடித்ததைப் பார்த்த பிறகுதான் பயம் வந்தது.

ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் காபித் தூளை அள்ளி வைக்கச் சொன்னார், இன்னொருவர் சுண்ணாம்பு என்றார். அதற்குள் மிலிட்டரி களத்திலிருந்து தத்தித் தத்தி வந்துவிட்டார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டை முறுக்கி என் தொடையில் சுற்றினார். ஒரு குச்சியை அதில் செருகித் திருகினார். நான் கத்தினேன். இரத்தம் நிற்கும்வரை திருகி, குச்சியைக் கயிற்றால் கட்டி நிறுத்தினார்.

அந்த நேரம் பார்த்து மேலே ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. "பஸ்ஸ நிறுத்திருலாமுங்களா?" என்று அக்கா கேட்டார்.

"அது மேல போற பஸ்ஸு. திரும்பி வர நேரமாவும். கீழ போற எந்த வண்டியானாலும் மறிச்சு ஏத்துங்க" என்றார் மிலிட்டரி. பிறகு மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். டீ அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து என் நெற்றியில் மணியைப் பெரிதாக எழுதினார்.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏனுங்க, உசுரு போற நேரத்துல நெத்தியில என்ன படம் வரையறீங்க?"

"கட்டுன நேரம். இந்தக் கட்ட டாக்டருதான் அவுக்கோணும். எப்பக் கட்டுனதுன்னு அவருக்குத் தெரியோணும். நேரம் தெரியாமப் போச்சுன்னா காலு போயிரும்."

"வாயில சொன்னா நாஞ் சொல்லமாட்டனா?"

"வாயில சொன்னது வழியில கொட்டிப்போயிரும். எழுத்து நிக்கும். இன்னொண்ணு, இவன் அழுவான், அவுருன்னு கெஞ்சுவான், என்னையும் உன்னையும் வைவான். அவுக்கக்கூடாது."

ரோட்டுக்கு ஏறும் பாதை செங்குத்து. அந்த மரக்காலோடு அவரால் கூட வர முடியாது. "எனக்காவ நிக்காதீங்க, போங்க" என்று கத்தினார். நான்கு பேர் கம்பளியில் என்னைக் கிடத்தி, மூங்கிலில் தொட்டிலாகக் கட்டித் தூக்கிக்கொண்டு ஏறினார்கள்.

ரோட்டோரம் சேர்வராயன் சாமிக்கு ஒரு கல்லும் சில வேல்களும் இருக்கும். மலைக்காரர்கள் அந்த இடத்தைக் கும்பிடாமல் கடக்கமாட்டார்கள். கல்லின் அடியில் எப்போதும் திருநீறு இருக்கும். லாரி ஒன்று வரும் சத்தம் கேட்டது. அக்கா ஓடிப்போய் ஒரு கை திருநீறு அள்ளி, "சாமி, இந்தப் புள்ளையக் காப்பாத்து" என்று என் நெற்றி நிறையப் பூசித் தேய்த்தார். நெற்றியில் வேறு ஒன்று இருந்தது எங்கள் இருவருக்குமே அப்போது நினைவில்லை.

சில்வர் ஓக் கட்டை ஏற்றிய லாரி. டிரைவர் சேலத்துக்காரர். ஒரு வார்த்தை கேட்காமல் என்னையும் அக்காவையும் முன்னால் ஏற்றிக்கொண்டார். லோடு வண்டி என்பதால் மலைப்பாதையில் வேகமாக இறங்க முடியாது. ஒவ்வொரு வளைவிலும் கால் வெடித்துவிடும் போலிருந்தது. மிலிட்டரி சொன்னபடியே நான் அழுதேன், கெஞ்சினேன், வைதேன். "கொஞ்சம் லூசாவது பண்ணுக்கா" என்றேன். அக்கா குச்சியைப் பிடித்துக்கொண்டு, "வையி கண்ணு, நல்லா வையி. அவுக்கமாட்டேன்" என்றார்.

பாதி மலை இறங்கியதும் கால் மரத்துப்போனது. விரல்கள் நீலம் பாய்ந்திருந்தன. டிரைவர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "எப்பக் கட்டுனதும்மா இது?" என்று கேட்டார்.

"நெத்தியில எழுதியிருக்குதுங்க, பாருங்க" என்றார் அக்கா.

டிரைவர் பார்த்தார். "வெறுந் துன்னூறுதான் இருக்குது."

அக்கா என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அந்த மலை ஜனங்கள் நெற்றியில் பூசிய சாமி திருநீற்றைக் கையால் அழிக்கமாட்டார்கள். வேர்வையில் போனால் போனது. நோயாளியின் நெற்றியில் அழித்தால் சாமியே கைவிட்டதாகிவிடும் என்பார்கள். முந்தானையைக் கையில் எடுத்தார், மடியில் போட்டார், மறுபடியும் எடுத்தார். பிறகு, "கோவிச்சுக்கறதுன்னா என்னையக் கோவிச்சுக்க, இவன ஒண்ணும் பண்ணாத" என்று சத்தமாகவே சொல்லிவிட்டுத் துடைத்தார்.

திருநீறு வந்தது. கூடவே கரியும் கலந்து வந்தது. அடியில் ஒன்றும் இல்லை.

மணி என்ன என்று மிலிட்டரி வாயாலும் சொல்லியிருப்பார். எனக்கும் நினைவில்லை, அக்காவுக்கும் நினைவில்லை. அக்காவுக்குக் கடிகாரம் பார்க்கவும் தெரியாது. "நானே அழிச்சுப்போட்டனே, என்ற கையாலயே அழிச்சுப்போட்டனே" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

டிரைவர்தான் நிதானமாகக் கேட்டார். "அழுகாதீங்கம்மா. கட்டும்போது வேற என்ன நடந்துச்சு? யோசிச்சுச் சொல்லுங்க."

அக்கா மூக்கைச் சிந்திவிட்டு யோசித்தார். "பஸ்ஸு... மேல போற பஸ்ஸு ஆரன் அடிச்சுது. நிறுத்தலாமான்னு கேட்டேன்."

டிரைவர் ஸ்டீயரிங்கில் ஓங்கித் தட்டினார். "அந்த பஸ்ஸா? வளைவுல எதுக்க வந்து அடிச்சானே ஆரன்? அது எனக்கு அடிச்சதுங்க! நாந்தான் பின்னால எடுத்து வழி உட்டேன். அவன் போனதும், ரேடியேட்டருக்குத் தண்ணி வேற ஊத்தோணும், லேட்டாப்போச்சேன்னு வாட்சு பாத்து வஞ்சேன். ஒம்பதே முக்கால்!"

அடுத்த வளைவில் வண்டியை ஓரம் கட்டினார். கட்டைகளுக்கு நம்பர் போடும் நீலச் சாயக் கட்டியை எடுத்து, எச்சில் தொட்டு, துடைத்த நெற்றியில் அழுத்தி எழுதினார். அக்கா குனிந்து ஊதிக் காயவைத்தார். அதன் பிறகு சேலம் போய்ச் சேரும்வரை யாரையும் என் தலைப்பக்கம் அண்டவிடவில்லை. அடிவாரச் செக்போஸ்ட்டில் ஒரு நல்ல மனுஷர் தண்ணீர் கொண்டுவந்து என் முகத்தைத் துடைக்கப் பார்த்தார். அக்கா அவரை வைத வசவை இங்கே எழுத முடியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் என் நெற்றியைத்தான் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "கட்டின நேரமா? நல்ல வேளை, இன்னும் நேரம் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே தள்ளச் சொன்னார். நான் கண் விழித்தபோது போர்வைக்கு அடியில் இரண்டு மேடு தெரிந்தது. நம்பிக்கை இல்லாமல் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். சுண்டு விரல் வரை இருந்தது. அப்படியே படுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்தேன். நீலக் கட்டி சோப்புக்கும் போகவில்லை. "என்னப்பா, எந்த மர டிப்போக் கட்டை நீ?" என்று பக்கத்துக் கட்டில்காரர் கேலி பண்ணிக்கொண்டே இருந்தார். எனக்கு அது இனிப்பாக இருந்தது.

நடக்க முடிந்ததும் மலைக்கு ஏறினேன். அக்கா என்னை முதலில் அந்தக் கல்லுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனார். தேங்காய் உடைத்து, "அழிச்சது தப்புத்தான். ஆனா புள்ள நடந்து வந்துட்டான், பாத்துக்க" என்று சாமியிடம் சண்டைக்காரியைப் போலப் பேசிவிட்டுத் திரும்பினார்.

மிலிட்டரி களத்தில் மிளகு கிளறிக்கொண்டிருந்தார். என் காலைத் தட்டிப் பார்த்தார். "மரமில்ல, கறிதான். பரவால்ல, எஸ்டேட்டுக்கு மரக்கால் ஒண்ணு போதும்" என்று சிரித்தார். அன்றுதான் தன் காலின் கதையைச் சொன்னார்.

அறுபத்தைந்து பாகிஸ்தான் சண்டை. கரும்புக் காட்டில் குண்டுச் சிதறல் காலில் பாய்ந்தது. கூட இருந்த சிநேகிதர் தன் துப்பாக்கி வாரை அவிழ்த்துத் தொடையில் கட்டிவிட்டு, வந்து பார்க்கிறேன் என்று முன்னால் ஓடினார். அவர் திரும்பவில்லை. மிலிட்டரியை ஜீப்பில் ஏற்றி, லாரிக்கு மாற்றி, கூடாரத்துக்குக் கொண்டு போனார்கள். அவர் நினைவிழந்து கிடந்தார். கை மாறிய ஒவ்வொருவரும் இப்போதுதான் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்களாம். டாக்டர் அவிழ்த்தபோது கால் செத்துப்போயிருந்தது.

"கட்டுனவன் மேல கொறை சொல்லமாட்டேன். அவன் கட்டலீன்னா நான் அங்கயே முடிஞ்சிருப்பேன். நேரத்த எழுத அவனுக்கு ஒரு நிமிசம் கெடைக்கல, அவ்வளவுதான்" என்றார். பிறகு மறுபடியும் மிளகைக் கிளற ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த மழைக்கு முன்னால் நான் அந்த மலையை விட்டு இறங்கிவிட்டேன். அதன் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. சண்டையைப் பற்றி டீக்கடைகளில் பேச்சு வரும்போது யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்று விவாதிப்பார்கள். அவ்வளவு படிப்பு எனக்கு இல்லை. பெயர் தெரியாத ஒரு சிப்பாய்க்கு அந்தக் கரும்புக் காட்டில் கிடைக்காமல் போன ஒரு நிமிஷத்தை, இன்னொரு சிப்பாய் எனக்காக எடுத்து வைத்திருந்தார் என்பது மட்டும் தெரியும். என் இடது கால் தரையில் படும்போதெல்லாம் அவர்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் நடக்கிறேன் என்று தோன்றுகிறது.