மாலைதீவுக் கொடியில் சந்தனம்

எண்பதுகளின் தொடக்கத்தில், மாலைதீவு சுதந்திரம் பெற்ற கதையைச் சொல்லும் கண்காட்சி ஒன்று கொழும்பில் நடந்து முடிந்திருந்தது. அதைக் கல்முனைக்குக் கொண்டுவர என் ராத்தா நடையாய் நடந்தாள். என் மூத்த சகோதரி அவள்; பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவள்.

"மாசிக் கருவாடு வாற நாடு எண்டு மட்டுந்தான் நம்மட ஆக்களுக்குத் தெரியும். அந்தச் சின்ன நாடு எப்படித் தலை நிமிர்ந்த எண்டும் தெரியட்டும்" என்றாள். பிடித்த பிடியை விடவில்லை. கண்காட்சி வந்தது.

மண்டபம் முழுக்கப் படங்கள். நடுவில், கயிறு கட்டிய தடுப்புக்குள் ஒரு கொடி. சிவப்புக் கரை, பச்சை நடு, வெள்ளைப் பிறை. சுதந்திர நாளில் ஒரு வீட்டுக் கூரையில் பறந்தது. கண்காட்சியோடு வந்திருந்த மாலைதீவு அதிகாரியின் தாய் தைத்தது என்று கீழே ஆங்கிலத்தில் ஓர் அட்டை; வருகிறவர்களுக்கு ராத்தா அதைத் தமிழில் சொல்வாள். "வந்தபடியே திருப்பித் தருவன்" என்று ராத்தா அந்த அதிகாரிக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

மருதமுனையிலிருந்து நெசவுக்காரப் பெண்கள் வந்தார்கள். கொடி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, பள்ளிவாசல் கொடியேற்றத்துக்குப் போவதுபோல் சந்தனக் கிண்ணத்தோடு வந்திருந்தார்கள். ராத்தாவுக்கு உதவியாய் நின்ற நான் ஓடிப் போவதற்குள் ஒருவர் கயிற்றைத் தாண்டிச் சந்தனம் பூசி, கொடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"தொடப்படாது எண்டு எழுதியிரிக்கே, கண் தெரியல்லியா?" என்று சீறினேன். எனக்குக் கோபம் மூக்குநுனியில்.

"கொடியெண்டா சந்தனம் பூசாம எப்படி மகள் விடுற?" என்றார் அவர். பாவம், முகம் வாடிவிட்டது.

ராத்தா ஓடிவந்து கறையைப் பார்த்தாள். "சவுக்காரம் போட்டுக் கழுவிடுவம். அதிகாரிக்குத் தெரியவா போகுது?" என்றேன்.

"வாயப் பொத்து" என்றாள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே அதிகாரியிடம் போய், நடந்ததை ஒன்றும் மறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னாள். நானாக இருந்தால் பின்வாசலால் ஓடியிருப்பேன்.

அதிகாரி கொடியருகே வந்து மஞ்சள் கறையைக் குனிந்து பார்த்தார். தன் நாட்டைப் பற்றி இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று கேட்டார். ராத்தா அதைத் தமிழில் கேட்டாள்.

"ஒண்டும் தெரியா. இவர்ட உம்மா தைச்சதாமே? தையல் நல்ல உறுதி எண்டு சொல்லுங்க."

ராத்தா சொன்னாள். அவர் தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார்.

கடைசி நாள் சாமான் கட்டும்போது, கொடியின் கீழிருந்த அட்டையில் அதிகாரி பேனையால் புதிதாக ஒரு வரி எழுதியிருந்தார். ராத்தா எனக்கு வாசித்துக் காட்டினாள்: 'சந்தனம், கல்முனையில் பூசியது. கழுவ வேண்டாம்.'

வாசித்துவிட்டு அழுதாள்.