உரிமம் கிடைக்காத மீன்பெட்டி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அடையாறு பக்கம் இருந்த ஒரு மத்திய அரசு ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். வெப்பத்தைத் தடுக்கும் பொருட்களைச் சோதிக்கும் பிரிவு. எங்களிடம் குளிர் அறை இருந்தது, நல்ல வெப்பமானிகள் இருந்தன, உட்கார்ந்து யோசிக்க நேரமும் இருந்தது. எல்லாம் அரசாங்கம் கொடுத்தவை. என்னைப் படிக்க வைத்ததும் ஏறக்குறைய அதுதான். இனி சொல்லப்போவதை வெறும் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எளிய மக்களுக்குப் பயன்படும்படி எதையாவது செய்யுங்கள் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. ஊரூர் குப்பத்துப் பெண்கள் மீன் கூடையோடு பெசன்ட் நகர் தெருக்களில் நடப்பதைத் தினமும் பார்ப்பேன். வெயில் ஏறிவிட்டால் மிச்ச மீனைக் கொட்டிவிட்டுப் போவார்கள். ஐஸ் தாங்கும் பெட்டி ஒன்று செய்யலாம் என்று எழுதிக் கொடுத்தேன். அனுமதி கிடைத்தது.

முதல் பெட்டியை ஆபீஸ் ஜீப்பில் ஏற்றிக் குப்பத்துக்குக் கொண்டு போனேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு மீன்காரம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இன்னாம்மா இது, பொணப்பொட்டி மாரி கீது?"

"இதுல ஐஸ் போட்டா சாயங்காலம் வரைக்கும் கரையாதுக்கா."

"கரையாது, சரி. யாரு தூக்கினு நடக்கறது? நீ வரியா?"

திரும்ப எடுத்து வந்தேன். இரண்டாவது பெட்டி பாதி எடைதான். அவரே தலையில் வைத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்து, மத்தியானம் மூடியைத் திறந்து ஒரு சங்கரா மீனின் வயிற்றை அமுக்கிக் காட்டினார்.

"ஐஸ் தண்ணிலயே ஊறிக் கெடந்தா மீனு நொந்துபூடும்மா. தண்ணி கீழ எறங்கணும், மீனு மேலயே இருக்கணும். இத்தினி படிச்சிகீற, இது தெரீல?"

தெரியவில்லைதான். நான் ஐஸைப் பற்றித்தான் யோசித்தேனே தவிர மீனைப் பற்றி யோசிக்கவில்லை. மூன்றாவது பெட்டிக்குள் அடித்தட்டுக்கு மேலே சட்டங்கள் வைத்து, கீழே தண்ணீர் வடிய ஒரு துளை விட்டோம். தேனாம்பேட்டையில் ஒரு சந்துக்குள் ஃபைபர் பட்டறை வைத்திருந்தவர் அதைச் செய்து கொடுத்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு மூடியைத் திறந்தபோது மீனின் கண் தெளிவாக இருந்தது. மீன்காரம்மா செவுளைத் தூக்கிப் பார்த்தார். "இது இருந்தா நான் மைலாப்பூர் வரிக்கும் போவேன்" என்றார்.

நானும் அன்று மயிலாப்பூருக்குத்தான் போனேன், என் வீட்டுக்கு. அம்மா வாசலிலேயே நிறுத்தினாள். "கையெல்லாம் நாத்தம்டி. கொல்லப்பக்கமா போய்க் குளிச்சுட்டு உள்ள வா." சிரித்துக்கொண்டே போனேன். அந்த வேலையில் நான் சிரித்த கடைசி நாள் அதுவாகத்தான் இருக்கும்.

பெட்டி கோப்பாயிற்று. பட்டறைக்காரர், "மேடம், நானே போட்டு வித்துடறேன், ஒரு லெட்டர் மட்டும் குடுங்க" என்றார். அந்த லெட்டருக்கு, அதாவது உரிமத்துக்கு, ஒரு குழு இருந்தது. குழுவின் முதல் கேள்வி: வெளிநாட்டில் இது போல் உண்டா? உண்டு என்றால் இதில் புதுமை இல்லை. இல்லை என்று எழுதினேன். அப்படியானால் ஏன் யாரும் செய்யவில்லை, தேவை இருக்கிறதா என்று திரும்பி வந்தது. அதற்குப் பதில் எழுதுவதற்குள் குழுத் தலைவர் ஓய்வு பெற்றார். புதியவர் வரும்வரை கோப்பு டில்லியில் கிடந்தது.

அதற்குள் நாட்டின் கொள்கையே மாறிவிட்டது. ஆய்வகங்கள் இனி தங்கள் வருமானத்தைத் தாங்களே தேட வேண்டும்; எதையும் இனாமாகத் தரக்கூடாது. உரிமம் வாங்குபவரிடம் சொந்தமாகச் சோதனைக்கூடம் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் சேர்ந்தது. பட்டறைக்காரரின் சந்தில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல நிற்க முடியாது. சோதனைக்கூடம் வைத்திருந்த பெரிய கம்பெனிகளுக்கு மீன்காரிகளுக்குப் பெட்டி விற்பதில் அக்கறை இல்லை.

விஷயத்தைச் சொல்லப் பட்டறைக்குப் போனேன். அவர் பெட்டியின் அச்சை ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார். "பரவால்ல மேடம். நம்பர் பிளேட்டு ஆர்டர் நெறைய வருது" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டு மூன்று வருடங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைப் பக்கம் போனபோது அந்த மீன்காரம்மாவைப் பார்த்தேன். முன்னால் ஒரு தெர்மகோல் பெட்டி. கலர் டிவி வாங்கியவர்கள் தெருவில் எறிந்த தெர்மகோல். அதைக் கோணியில் வைத்துத் தைத்து, உள்ளே மூங்கில் பத்தைகளைப் பரப்பி, மூலையில் ஓட்டை போட்டிருந்தார். வரிசையில் இன்னும் ஏழெட்டுப் பெண்களிடமும் அதே பெட்டி.

"உன் பொட்டிய பாத்துதாம்மா செஞ்சேன். நீ வருவ வருவன்னு பாத்துகினே இருந்தேன். அப்பாலிக்கா நானே தெச்சிக்கினேன்."

"ஐஸ் எவ்வளவு நேரம் தாங்குது?"

"மூணு மணி வரிக்கும். உன்னோடது நல்லா தாங்குச்சி. ஆனா உன்னோடது எங்க கீது?"

மறுநாள் உற்சாகமாகவே ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன்: பெட்டி குப்பத்தில் பயன்பாட்டில் இருக்கிறது, அவர்களே மாற்றி அமைத்திருக்கிறார்கள், கோப்பைத் திரும்ப எடுத்தால் இன்னும் சிறப்பாகச் செய்யலாம். ஒரு வாரத்தில் பதில் வந்தது. என் எந்தக் கடிதத்துக்கும் அவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததில்லை. உரிமம் வழங்குவதற்கு முன்பே வடிவமைப்பு வெளியே போனது எப்படி என்று விளக்கம் கேட்டிருந்தார்கள்.

மேலதிகாரி நல்ல மனிதர். என்னை உட்கார வைத்து, "சோதனையின்போது குப்பத்துக்காரங்க பார்த்திருக்கலாம்னு ரெண்டு வரி எழுதுங்கம்மா, போதும்" என்றார்.

"சார், மீனுக்குக் கீழ சட்டம் வைக்கணும்னு தோணினதே அந்த மீன்காரம்மா சொல்லித்தான். அது எப்படி நம்மகிட்ட இருந்து வெளிய போகும்?"

"அதை எழுதினா இன்னொரு கேள்வி வரும்" என்றார் அவர்.

என் பழைய அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். அந்த மீன்காரம்மா சொன்னதை நானே "பயனாளர் கருத்து பெறப்பட்டது" என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. அதை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. படிவத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது, நிரப்பிவிட்டேன்.

மேலதிகாரி சொன்ன இரண்டு வரிகளை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த மாதம் என்னைக் கட்டடப் பொருட்கள் பிரிவுக்கு மாற்றினார்கள். தண்டனை ஒன்றும் இல்லை, அங்கே ஆள் குறைவு. அதற்குப் பிறகு குப்பத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் தெருவின் மறுபக்கமாகவே நடந்தேன்.