மூன்று கட்டை

என் அக்காவின் கணவரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். அம்மையார்குப்பத்துத் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்து, தறியை விட்டு நாடகத்துக்கு வந்தவர். திருத்தணியில் எங்கள் சின்னக் கம்பெனிக்கு ராஜபார்ட் அவர், வாத்தியார் அவர், பாட்டுக் கட்டுவதும் அவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டதை வைத்து நான் ஹார்மோனியம் வாசித்தேன்.

புதுப் பாட்டு கட்டினால் காலையில் மலைப்படி ஏறிக்கொண்டே பாடிப் பார்ப்பார். கடைசிப் படியை மிதிக்கும்போதும் பல்லவி இடறாமல் இருந்தால் அது நாடகத்தில் சேரும். பின்னால் வரும் எனக்கு மூச்சு எப்போதோ போயிருக்கும். அதை யார் கேட்டார்கள்?

அவர் பாடுவது ஐந்து கட்டையில். ஹார்மோனியத்தின் ஐந்தாவது வெள்ளைக் கட்டைதான் அவருக்கு ஆதார சுருதி. ஆண்பிள்ளைக்கு அது உச்சம். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை கேட்கும். ஊரில் அவருக்கு 'அஞ்சு கட்டைக்காரர்' என்றே பெயர்.

யுத்தத்தில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் போனதும் நாடகத்தை மத்தியானத்தில் நடத்தினோம். அந்த வெயிலும் புழுதியும் தொண்டையைத் தின்றதா, வயதுதான் தின்றதா, தெரியாது. ஒரு நாள் மேல் ஸ்தாயியில் குரல் பிசிறிவிட்டது. கே.ஜி.கண்டிகையிலிருந்து வண்டி கட்டி வந்திருந்த கூட்டம் சிரித்தது. திரைக்குப் பின்னால் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பாவா அழுதார்.

அடுத்த நாடகத்தில் யாரையும் கேட்காமல் சுருதியை அரைக் கட்டை இறக்கினேன். மிருதங்கக்காரருக்கு உடனே புரிந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாரைத் தட்டித் தளர்த்திக்கொண்டார். பாவா ஜனங்களைப் பார்த்து நிற்பவர். சுருதியை என்னிடம் ஒப்படைத்துவிட்டவர். என் விரல் எங்கே இருக்கிறது என்று அவர் திரும்பிப் பார்த்ததே இல்லை. அன்று 'ஒன்ஸ்மோர்' இரண்டு முறை வந்தது.

"பாத்தியா மச்சான், தொண்டை திரும்பி வந்துடுச்சி!" என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? சில மாதம் கழித்து நான்கு கட்டை. அதற்கும் பிறகு மூன்று. மிருதங்கக்காரர் வேறு மிருதங்கமே கொண்டுவந்துவிட்டார்.

மூன்றுக்கு வந்த பிறகுதான் பட்டணத்திலிருந்து ஒரு பெரிய நாடகக் கம்பெனியின் முதலாளி அவரைத் தேடி வந்தார். பாட்டுக் கட்டிக் கொடுத்து, ஒத்திகை நடத்த வாத்தியார் வேண்டும் என்றார். வேஷம் மட்டும் கிடையாது. அக்கா காபி டம்ளரோடு கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பாவா சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"இன்னா மச்சான், அஞ்சு கட்டைல நிக்குதா இல்லியா, நீயே சொல்லு."

"ஆங், நிக்குது பாவா" என்றேன்.

"கேட்டீங்களா? தொண்டை இருக்கறப்போ சும்மா குந்திகினு இன்னாங்க பண்றது?" என்று அவரை அனுப்பிவிட்டார். அந்த வேலைக்கு வேறு யாரோ போய்விட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அதே வருஷம் ஒரு கிராமபோன் கம்பெனியிலிருந்து பாடிக் காட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. துணைக்கு நானும் பட்டணத்துக்குப் போனேன். அரக்கோணத்தில் வண்டி நெடுநேரம் நின்றது. சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். பாவா முறுக்கு வாங்கி என் கையில் வைத்தார். நான் கோழை, முறுக்கைத் தின்றேன்.

அங்கே அவர்களுடைய ஹார்மோனியக்காரர் உட்கார்ந்திருந்தார். சுருதி கேட்டார். "அஞ்சு கட்டைங்க" என்றார் பாவா, நிமிர்ந்து நின்று. பல்லவி எப்படியோ தேறியது. அனுபல்லவி மேலே போனதும் குரல் கிழிந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் பாடினார். மறுபடியும் கிழிந்தது. அந்த மனிதர் நல்லவர்தான். "மூணு வெச்சிக்கலாங்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் கட்டையை அழுத்தினார்.

அந்தச் சுருதி காதில் விழுந்ததுமே பாவாவுக்குத் தெரிந்துவிட்டது. மாதக்கணக்காக அவர் குடியிருந்த வீடு அல்லவா அது? பாடாமல் மெல்லத் திரும்பினார். முதலில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கைகளைப் பார்த்தார். நான் கைகளை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டேன்.

திரும்பி வருகையில், திருவள்ளூர் தாண்டியதும் கேட்டார்.

"எவ்ளோ நாளா?"

"ரெண்டு வருசமா, பாவா."

"அந்த மொதலாளி ஊட்டுக்கு வந்தாரே, அப்பவுமா?"

"ஆங்."

"எனக்குத் தெரிஞ்சிருந்தா போயிருப்பேனே, மச்சான்" என்றார். அவ்வளவுதான். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திட்டியிருக்கலாம். நாலு அறை விட்டிருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன்.

அதன் பிறகும் நாடகங்கள் நடந்தன. மூன்று கட்டை என்று அவரே எல்லோர் முன்னாலும் சொன்னார், பாடினார். 'ஒன்ஸ்மோர்' குறைந்துபோனது. என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அக்கா வீட்டில் எனக்குச் சோறும் நிற்கவில்லை. ஆனால் அவர் வேஷம் கட்டிய கடைசி நாள்வரை, ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் கிரீடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்து குனிவார். என் விரல் எந்தக் கட்டையில் இருக்கிறது என்று பார்ப்பார். பார்த்த பிறகுதான் ஜனங்கள் பக்கம் திரும்பிப் பாட ஆரம்பிப்பார்.