பெயருக்கு ஒரு துறைத் தலைவர்

சுவீடனில் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் புதிதாகப் பேராசிரியர் எடுக்கும் நாளன்று ஒரு கூத்து நடக்கும். ஒரே பதவிக்குப் போட்டி போட வந்திருக்கும் மூன்று பேரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து மதியச் சாப்பாடு போடுவார்கள். அவித்த உருளைக்கிழங்கு, மேலே வெள்ளையாக எதையோ ஊற்றிய மீன். காலையில் ஒருவர் பின் ஒருவராக மேடையேறி, மற்ற இருவரையும்விடத் தானே கெட்டிக்காரர் என்று காட்டிவிட்டு வந்தவர்கள், மத்தியானம் ஒருவருக்கொருவர் உப்பு டப்பாவை நகர்த்திக்கொண்டு பனிச்சறுக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த உரைகளைக் கேட்க மாணவர்கள் வரலாம், அலுவலகத்தில் கணக்கு வழக்குப் பார்க்கும் பிரிட்டா வரலாம், வழியோடு போகிறவர்கூட வரலாம். வெளி நிபுணர்கள் யாரைப் பற்றி என்ன எழுதினார்கள் என்பதை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். முதல் தடவை இதைப் பார்த்தபோது எனக்கு மீன் தொண்டையில் இறங்கவில்லை. யாராவது யாருக்காவது மருந்து வைத்துவிடுவார்களோ என்றுகூடத் தோன்றியது. நான் வந்த ஊர் அப்படி.

சுவீடன்காரன் சொக்கத்தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. இங்கேயும் ஆகாத ஆளைத் தட்டிக் கழிக்க "நம் குழுவோடு ஒத்துப்போவாரா தெரியவில்லை" என்று ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார்கள். எங்களைப் போல வெளிநாட்டிலிருந்து வந்த கறுத்த தலைகளின் மேல் அது சற்று அடிக்கடி விழும். ஆனால் தேர்ந்தெடுத்த ஆளை வேலை செய்ய வேண்டாம் என்று எவனும் சொல்ல மாட்டான். அந்த அநியாயத்தைப் பார்க்க நான் வேலூருக்குத்தான் போக வேண்டியிருந்தது.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். நம் ஊரில் எந்தக் கல்லூரி விளம்பரத்தைப் பார்த்தாலும் பயோ இன்ஃபர்மேடிக்ஸ் என்று போட்டுக்கொண்டிருந்த காலம். உயிரணுவுக்குள் எழுதியிருப்பதைக் கணினியில் போட்டுப் படிக்கிற படிப்பு. அதைத்தான் நான் இங்கே வந்து முடித்து, ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் ஆம்பூரிலிருந்து அஸ்லம் போன் செய்தான். என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன், இப்போது வேலூர்ப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கணக்கு வாத்தியார்.

"மச்சான், கணினி உயிரியல்னு புச்சா டிபார்ட்மென்ட் தொறக்கறாங்க. தலைவரா ஒக்கார ஃபாரின் படிப்பு படிச்ச ஆளு வேணுமாம். நான் உன் பேரச் சொல்லிட்டேன். இன்னா சொல்ற?"

என்ன சொல்வேன்? அப்பா போன பிறகு அம்மா ஆம்பூரை விட்டு வந்து வேலூர் சத்துவாச்சாரி வீட்டில் தனியாக இருந்தார். ஆஸ்பத்திரியில் நர்சாக ஓடி ஓடி உழைத்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலி வேறு. எனக்கு அப்போது கல்யாணமும் ஆகவில்லை, கட்டிப்போட இங்கே ஒன்றும் இல்லை. ஊரிலேயே வேலை கிடைத்தால் அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டு அவரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளுக்குள் குதித்தேன். ஜூலை விடுமுறையில் நேர்முகத் தேர்வுக்கு வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னதுதான் தாமதம்.

"மேஸ்திரிய வரச் சொல்லிட்டேன்டா பிரபு. மாடில ஒரு ரூம் போட்டுட்றேன். உனுக்குப் படிக்க எழுத எடம் வேணுமில்ல."

வேலை கிடைக்கட்டும்மா என்றால் கேட்டால்தானே. நான் போய் இறங்கியபோது ரூம் முடிந்து, சுவரில் பெயின்ட் வாசனை போகாமல் இருந்தது.

அந்த வேலையில் எனக்கு வேறோர் ஆசையும் இருந்தது. அதைச் சொல்ல ஆம்பூருக்குப் போக வேண்டும். தொண்ணூறுகளில் நான் ஆம்பூரிலிருந்து தினமும் ரயிலில் கல்லூரிக்குப் போய்வந்தேன். திரும்பும்போது ஊர் வந்துவிட்டதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். பச்சைத் தோலும் சுண்ணாம்பும் கலந்த நாற்றம் ஜன்னல் வழியாக ஏறும். பெங்களூரிலிருந்து வருகிற குடும்பங்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எப்படித்தான் இங்கே மனுஷன் இருக்கிறானோ என்று நம் காதுபடவே பேசும். எனக்கு அவமானத்தில் காது சூடாகும். ஏனென்றால் என் அப்பா அந்த நாற்றத்துக்குள்தான் இருந்தார். சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டும் வேலையில் சேர்ந்து, படிப்படியாக ஷெட் மேஸ்திரி ஆனவர். வந்ததும் இரண்டு விதமான சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் எங்கள் பக்கத்தில் உட்காருவார். அப்படியும் அவர் நகக்கண்ணில் வெண்மை போகாது. அந்தக் கையால்தான் எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினார்.

பாலாற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஷெட்டுகளின் கழிவு இறங்கி இறங்கி, எங்கள் தெருக் கிணற்றில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. ஒரு தலைமுறையே அந்த உப்புத் தண்ணீரில் வளர்ந்தது. ஆனால் அந்தச் சேற்றிலும் சில நுண்ணுயிர்கள் பிழைத்துக் கிடக்கின்றன. தோல் பதனிடப் போடுகிற குரோமியத்தைத் தின்று செரிக்கிற ஜாதி. அவற்றைப் படிக்கிற கருவியும் வித்தையும் சுவீடனில் என் கைக்கு வந்தபோது, ஆற்றைச் சுத்தம் பண்ண இதில் வழி இருக்குமா என்று தேட வேண்டும், அதை நம் ஊர்ப் பிள்ளைகளை வைத்தே தேட வேண்டும் என்று ஒரு வெறியே பிடித்திருந்தது. புதிய துறையின் முதல் வேலை இதுதான் என்று உரை தயார் செய்துகொண்டு போனேன். ராத்திரி பகலாகத் தயாரித்த உரை.

தாளாளர் அறையில் குளிரூட்டி கடகடவென ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் தடித்த மோதிரம். பக்கத்தில் அவருடைய மருமகன், அவர்தான் இயக்குநர். நிபுணர் என்று ஒருவரும் இல்லை. அஸ்லம் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நேட்டிவ் ஆம்பூர்னு சொன்னாங்க. ஆம்பூர்ல எங்க?" என்றார் தாளாளர்.

தெருவைச் சொன்னேன்.

"அப்பா?"

"தோல் ஷெட்டுல இருந்தார்."

"இருந்தார்னா? ஆபீஸ்லயா, உள்ளயா?"

"குழியில எறங்கித்தான் ஆரம்பிச்சார். அப்பறம் மேஸ்திரி ஆனார்."

"ஓ... சரி சரி." நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். என்னை எந்தப் பலகையில் உட்காரவைப்பது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. என் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. எத்தனை வருடம் படித்து எழுதிய கட்டுரைகள்! அதையெல்லாம் புரட்டக்கூட இல்லை. நானாகத்தான், ஒரு பத்து நிமிடம் உரையாற்றலாமா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். பேசு என்றார்கள். பாலாறு என்ற சொல் வந்ததுமே மருமகன் பேனாவை மூடிவிட்டார்.

"பாலாறா? ஏன் சார் ஊர் வம்பு?" என்றார் தாளாளர். "நம்ம டிரஸ்ட்டுல பாதிப்பேரு தோல் வியாபாரம்தான். வேற எதாச்சும் பண்ணுங்க. கேன்சர் பண்ணுங்களேன். கேன்சர்னா ஜனங்களுக்கும் புரியும்."

கேன்சர் பண்ணுவதாம்! வடை பண்ணு என்பதுபோலச் சொன்னார். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினேன். அம்மா முகம் கண்ணில் நின்றது. முதலில் உள்ளே வருவோம், பிறகு ஆற்றைப் பற்றிப் பேசுவோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் மருமகன் விஷயத்துக்கு வந்தார்.

"சார், நீங்க எதுவுமே சிரமப்பட வேணாம். ஸ்வீடன்லயே இருங்க. டெல்லிலேர்ந்து அங்கீகாரம் குடுக்க இன்ஸ்பெக்‌ஷன் டீம் வர்ற அன்னைக்கு மட்டும் ஃப்ளைட்டுல வந்து ஹெச்.ஓ.டி. சீட்ல ஒக்காந்துட்டுப் போங்க. டிக்கெட்டு நம்ம செலவு. சர்ட்டிபிகேட் காப்பி ஒரு செட்டு குடுத்துட்டாப் போதும்."

"நான் இங்கயே வந்து இருக்கறதுக்குத்தான் கேட்டு வந்திருக்கேன்" என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இங்கயேவா?" என்றார் தாளாளர், நிஜமாகவே குழம்பிப்போய். "எதுக்கு சார்?"

நான் விளக்க விளக்க, பேரம் பேசுகிறேன் என்றுதான் அவர்களுக்குப் பட்டது. வேறு எந்தக் கல்லூரியிலாவது பெயர் கொடுத்திருக்கிறீர்களா, இரண்டு இடத்தில் கொடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று மருமகன் அக்கறையோடு எச்சரித்தார். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், இருபது வருடம் அந்தத் தோல் நாற்றத்தில் மூச்சு விட்டவன், ஒருநாளும் எனக்கு அப்படிக் குமட்டியதில்லை. முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

அஸ்லம் டீக்கடை வரைக்கும் பின்னாலேயே வந்தான். "இதுக்குப் போய் இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாராவுற? எல்லா எடத்துலயும் இதான் மச்சான் நடக்குது. போன வாட்டி என் தோஸ்த்து காலேஜ்ல நான்தான் கெமிஸ்ட்ரி ஹெச்.ஓ.டி. லைப்ரரி புக்கெல்லாம் லாரில வரும், டீம் போய்ட்டா அதே லாரில திரும்பப் போய்டும்."

"உனக்கு வெக்கமா இல்ல?"

"வெக்கப்பட்டா வூட்ல அடுப்பு எரியுமா? வருஷத்துக்கு ரெண்டு மூணு வாட்டி அவன் காசுல வந்து உங்கம்மாவப் பார்த்துட்டுப் போலாம். அதுகூட வேணாமா உனுக்கு?"

கேடுகெட்ட யோசனைதான். ஆனால் அந்த இடத்தில் என்னை அசைத்துவிட்டான். ஆட்டோவில் சத்துவாச்சாரி வரும்வரை அதையேதான் புரட்டிக்கொண்டிருந்தேன். சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்? பிறகு, அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்த தைரியத்தில் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கப்போகிற அப்பன்களை நினைத்தேன். அவர்களில் ஒருவருக்காவது நகக்கண் வெளுத்திருக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அம்மா பொறுமையாகக் கேட்டார். "வேணாம்னு சொல்ட்டு வந்துட்டியா? நல்லது. தூ, இதுவும் ஒரு பொழப்பா" என்றார். பிறகு மாடி ரூம் ஜன்னலைத் திறந்துவைக்கப் போனார். திரும்பி வர வெகு நேரம் ஆனது. நான் சுவீடனுக்குக் கிளம்பிய பிறகு அந்த ரூமை இரண்டு நர்சிங் மாணவிகளுக்கு விட்டுவிட்டார்.

இங்கே வந்து பிரிட்டாவிடம் புலம்பினேன். வேலையே செய்யாமல் பேராசிரியராக இருக்கச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரிந்த சுவீடிஷில் விளக்கினேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "கௌரவப் பேராசிரியரா! இந்த வயதிலா! உன் நாட்டில் உன்னை எவ்வளவு மதிக்கிறார்கள்!" என்று என்னைக் கட்டிப்பிடித்து, மறுநாள் காபி நேரத்துக்கு கேக்கும் சுட்டுக்கொண்டு வந்துவிட்டாள். துறை முழுக்க நின்று கைதட்டியது. எந்த மொழியில் இதைத் திருத்துவது? கேக்கைத் தின்று தொலைத்தேன்.

அடுத்த ஜனவரியில் அம்மா போன் செய்தார். எடுத்ததும் கேட்ட கேள்வி இதுதான்.

"டேய் பிரபு, நீ இன்னாடா ரோட்ல நிக்கிற?"

சென்னை நெடுஞ்சாலையில், எங்கள் பஸ் ஸ்டாப் பக்கத்தில், ஆள் மேல் ஆள் ஏறி நின்றால் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் போர்டு வைத்திருக்கிறார்கள். கணினி உயிரியல் துறைத் தலைவர், சுவீடன் புகழ் பேராசிரியர் என்று என் பெயர். சுவீடனில் எங்கள் துறையின் இணையப் பக்கத்திலிருந்து என் தலையை மட்டும் வெட்டி, எவனுடைய கோட்டின் மேலோ ஒட்டியிருக்கிறார்கள். நான் டை கட்டியதே கிடையாது. போர்டில் சிவப்பு டையாம்.

"எதிர் வூட்டு அக்கா கேக்குது. புள்ள இங்கயே வேலைல சேர்ந்துட்டான், பெத்தவள மட்டும் எட்டிப் பாக்க மாட்டானான்னு."

எனக்குத் தலைக்கு ரத்தம் ஏறிவிட்டது. திருட்டு ராஸ்கல்கள், நாளைக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறேன், பேப்பரில் போட்டு நாறடிக்கிறேன் என்று கத்தினேன். பக்கத்து அறைக் கதவு திறந்து மூடியது.

"வேணாம்டா" என்றார் அம்மா கடைசியில். "இருந்துட்டுப் போட்டும்."

"எதுக்கும்மா? அவனுங்க பண்ணது ஃபிராடும்மா."

"ஃபிராடுதான். இல்லேங்கல. ரோட்ட அகலம் பண்றேன்னு அந்த ஸ்டாப்புல இருந்த மரத்தெல்லாம் வெட்டிட்டான். ஜனவரிலயே வெயிலு இன்னா காய்ச்சு காய்ச்சுது தெரியுமா? செக்கப்புக்குப் போறப்ப பஸ்ஸு வர்ற வரைக்கும் எங்க நிக்கறது? இப்ப உன் போர்டு நெழல்லதான் நிக்கிறேன்."

நான் நோட்டீஸ் அனுப்பவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் முடிந்தால் எடுத்துவிடுவார்கள் என்று அஸ்லம் சொன்னான். எடுக்கவும் இல்லை, கிழிந்தால் புதுசு மாட்டிவிடுகிறார்கள். இன்றும் அருவருப்பில் உடம்பு கூசுகிறது. குளிர்காலத்தில், அங்கே பதினோரு மணி வெயில் ஏறும்போது இங்கே இன்னும் விடிந்திருக்காது. நான் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் அந்த நேரத்தில், யாருடைய கோட்டையோ மாட்டிக்கொண்டு, லாரிப் புழுதியில், என் அம்மாவுக்கு அவன்தான் நிழல் கொடுத்துக்கொண்டு நிற்கிறான்.