பாதி அவள் கொடுத்தது

சரி, காய்ச்சலை அவள்தான் கொண்டுவந்தாள் என்றே வைத்துக்கொள்வோம். எங்கிருந்து கொண்டுவந்தாள்? அதையும் சேர்த்துப் பேசுங்கள். என் மருமகள் பிள்ளைகள் காப்பகத்தில் வேலை பார்த்தாள். கண்ட பிள்ளையின் மூக்கையும் துடைத்த கையோடு வந்து புருஷனை முடித்துவிட்டாள் என்று மாடிப்படியில் நின்று பேசுகிறாளே எதிர்வீட்டுக்காரி, அன்று காலையில் தான் செய்ததை மட்டும் மென்று விழுங்கிவிடுகிறாள்.

நான் சொல்கிறேன். அவள் பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. காய்ச்சலோடு வந்தால் காப்பகத்தில் சேர்க்க மாட்டார்கள். இவளுக்கோ வேலையில் லீவு கிடையாது. காய்ச்சல் மருந்து ஒரு மூடி ஊற்றி, முகத்தைக் கழுவி, பவுடர் பூசி, ஒன்றும் தெரியாதவள் மாதிரி கொண்டுபோய் விட்டுவிட்டாள். இது அவள் ஒருத்தி மட்டும் செய்வதல்ல, பாதித் தாய்மார் செய்வதுதான். மத்தியானம் மருந்தின் வேகம் இறங்கியதும் பிள்ளை துவண்டு விழுந்தது. அதைச் சாயங்காலம்வரை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் என் மருமகள்.

“ஏன்க்கா, தெரிஞ்சேதானே விட்டுட்டுப் போனீங்க?” என்று கேட்டிருக்கிறாள்.

“காலைல குத்துக்கல்லாட்டம் இருந்தான். நீ என்ன பார்த்துக்கிட்டியோ!”

அந்த வாரம் மருமகள் படுத்தாள், பேத்தி படுத்தாள், நான் படுத்தேன், எதிர்வீடு முழுக்கப் படுத்தது. எல்லோரும் இருமிக்கொண்டே எழுந்துவிட்டோம். எழாதவன் என் மகன் ஒருவன்தான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். தெருவில் அவனுக்கு ‘இரும்பு’ என்றுதான் பேர். “லிஃப்ட் ஓடலைன்னா இவனே ஆளுங்களத் தூக்கிட்டு மாடி ஏறிடுவான்” என்பார்கள். பெண்டாட்டி போர்த்திக்கொண்டு கிடந்தபோது, “மூக்கு ஒழுகுறதுக்கெல்லாம் இவ்ளோ பெரிய போர்வையா?” என்று கேலி செய்தான். பிறகு அவனுக்கே குளிரெடுத்தது. உதடு நீலமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் மூச்சுக் குழாய் வைத்தார்கள். எடுக்கும்போது அவன் இல்லை.

இவ்வளவு திடமான ஆள் எப்படிப் போனான் என்று அங்கிருந்த டாக்டரம்மாவுக்கே மனசு ஆறவில்லை. அவனுடைய ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினாள். எங்கள் மூவரிடமும் எடுத்தாள். முடிவு வந்ததும் கூப்பிட்டு உட்காரவைத்து, எனக்குப் புரியும்படி சொன்னாள்.

“கிருமி உள்ள வந்ததும் உடம்பு ஒரு கூச்சல் போடும்மா. அதக் கேட்டுத்தான் மத்த இடமெல்லாம் உஷாராகும். உங்க மகன் உடம்பு இந்த ஃப்ளூ காய்ச்சலுக்கு மட்டும் கூச்சலே போடல. பிறவியிலயே அப்படி.”

“பிறவியிலயேன்னா? சின்ன வயசுல அவனுக்கு ஒரு நோவு கிடையாதே.”

“மத்ததுக்கெல்லாம் தாங்கியிருக்காரு. அந்த வேலைக்குன்னு ஒரு மரபணு இருக்கு. அதுல அம்மா குடுக்குறது ஒண்ணு, அப்பா குடுக்குறது ஒண்ணு. ஒண்ணு நல்லா இருந்தாலே போதும். அவருக்கு ரெண்டுமே பழுது.”

“அப்போ என்னோடது?”

“உங்களுக்கு ஒண்ணு பழுது, ஒண்ணு நல்லது. அதான் நீங்க எழுந்துட்டீங்க. இறந்துபோன உங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு அப்படி இருந்திருக்கணும்.”

மருமகள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். “குட்டிக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

“அப்பா குடுத்த பாதி பழுது. நீங்க குடுத்த பாதி நல்லா இருக்கு. அதுதான் அவளக் காப்பாத்துது.”

அதைக் கேட்டு அவள் அழுதாள் பாருங்கள், புருஷன் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னாள். என் மகளுக்கும் இரண்டு பாதியும் பழுதாக இருக்கலாம், அவளும் சோதனை செய்துகொள்ள வேண்டும், வருஷா வருஷம் தடுப்பூசி போட வேண்டும், காய்ச்சல் கண்டால் உடனே ஓடி வர வேண்டும் என்றாள். மகள் குடியிருப்பது எங்கள் வீட்டுக்கு நேர் கீழே. அவளிடம் போய்ச் சொன்னது மருமகள்தான். அதுதான் வம்பாயிற்று.

“என் தம்பிய அனுப்பிட்டு, இப்ப எனக்கு நாள் பார்க்க வந்துட்டியா?”

“அண்ணி, ஒரு சொட்டு ரத்தம்தான். அத்தையே குடுத்திருக்காங்க.”

“எங்க அப்பா ரத்தத்துல குறைன்னு எழுதிவாங்கவா? நீ தப்பிக்கிறதுக்கு எங்க வம்சமே நோய் புடிச்சதுன்னு ஆக்கணுமா?”

“அடியே, உன் உசுரக் காப்பாத்தத்தான்டி சொல்றா” என்றேன் நான்.

“உனக்கு அவ என்னத்தையோ கலந்து குடுத்துட்டாம்மா. பெத்தவ பேசுற பேச்சா இது?”

நான் விடவில்லை. படியில் ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லோரையும் நிறுத்தி, பழுது எங்கள் குடும்பத்துடையது, அவளுடையது இல்லை என்று சொன்னேன். “பாவம், கிழவிக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு” என்றார்கள். பிறகு, அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்துப் பேசவைக்கிறாள் என்றார்கள். காப்பகத்திலிருந்து இரண்டொருவர் பிள்ளைகளை எடுத்துவிட்டார்கள். காப்பகத்துக்காரி இவளைக் கூப்பிட்டு, “கொஞ்ச நாள் வீட்ல இரும்மா” என்றாள். அதையும் பொறுத்துக்கொண்டாள். ஊர் பேசட்டும், அத்தைக்குத் தெரியும், அது போதும் என்பாள்.

பொறுக்க முடியாதது ஒன்று வந்தது. பேத்திக்கு ஆறு வயது. ஓர் இரவு அவள் தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

“ஏன் குட்டி, அம்மாகிட்ட படுக்கலையா?” என்று மருமகள் கேட்டாள்.

“அம்மா, உன் பக்கத்துல படுத்தா நானும் செத்துருவேனா?”

“யாரு சொன்னது?”

“கீழ் வீட்டு அத்தை. அப்பாவுக்கு நீதான் காய்ச்சல் குடுத்தியாம். உன் கிளாஸ்ல தண்ணி குடிக்கக் கூடாதாம்.”

மருமகள் பிள்ளையின் எதிரே வந்து உட்கார்ந்தாள். பிள்ளைக்கு என்னவென்று விளக்குவது? உன்னைக் காப்பதே நான் கொடுத்த பாதிதான் என்று ஆறு வயதுக்கு எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்தாள். பிள்ளை தலையாட்டியது. ஆனால் பாயை நகர்த்தவில்லை.

விடிந்ததும் இரண்டு பைகளில் துணியை அடைத்தாள்.

“எங்கடி போவ?”

“இந்தப் பேச்சு காதுல விழாத இடத்துக்கு அத்தை. இன்னும் கொஞ்ச நாள் இங்க இருந்தா எம்பொண்ணே எனக்கு இல்லாம போயிடுவா. நீங்களும் வந்துடுங்க.”

நான் போகவில்லை. மகளை இன்றுவரை சோதனைக்குச் சம்மதிக்கவைக்க முடியவில்லை. அவள் இருமினால் இழுத்துக்கொண்டு ஓட, அது என்ன இருமலாக இருக்கலாம் என்று தெரிந்த ஒருத்தியாவது இந்த வீட்டில் வேண்டாமா?

படியிறங்கும்போது கீழ் வீட்டுக் கதவு ஒருக்களித்துத் திறந்தது. மருமகள் நின்றாள். “அண்ணி, அந்த ஊசிய மட்டும் போட்டுக்கங்க” என்றாள். கதவு சாத்திக்கொண்டது. மருமகள் பேத்தியின் கையைப் பிடித்துத் தெருவில் இறங்கினாள். பிள்ளை கையை உருவவில்லை. ஆனால் இன்னொரு கையால் கவுனின் ஓரத்தைத் தூக்கி மூக்கைப் பொத்திக்கொண்டே நடந்தது.