ஞானம்மாவிடமிருந்து கடிதம் வராத ஐந்து மாதம்

ஐந்து மாதமாக என் மனைவி ஞானம்மாவிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. அவள் உயிரோடு இருக்கிறாளா, வயிற்றிலிருந்த பிள்ளை பிறந்ததா, எதுவும் தெரியாது. அவள் லாபிஸ் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். நான் கடல் தாண்டி மெசபடோமியா பாலைவனத்தில். சபையாரே, ஆண்டவர் எனக்குச் செய்ததை அங்கிருந்துதான் சொல்ல வேண்டும்.

தோட்டத்து ஆலையில் நான் எஞ்சின் பிட்டர். பெரிய யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பட்டாளத்துக்கு மெக்கானிக்குகள் வேண்டும் என்று தோட்டத்துத் துரை சொன்னதும் நானே கை தூக்கினேன். ஆகாய விமானத்தைத் தொட்டுப் பார்க்கும் ஆசை.

"இந்த நேரத்திலயா போறீங்க?" என்று மட்டும் ஞானம்மா கேட்டாள். மறுவாரமே ரயிலேறினேன்.

டைகிரிஸ் ஆற்றங்கரையில் எங்கள் கொட்டகை. குண்டு போடும் விமானங்கள் அங்கிருந்து கிளம்பும். எஞ்சினில் புகுந்த மணலைத் துடைப்பதும், பெட்ரோல் குழாய் நட்டுகளை இறுக்கி, கழலாதபடி கம்பி முறுக்கிக் கட்டுவதும் என் வேலை. எங்கள் பக்கத்துக் குளுவாங் ஊரைச் சேர்ந்த காதர் என் கூட்டாளி. அவனோடு தமிழ் பேசுவதே பாதி வீடு.

முதலில் மாதம் ஒரு கடிதம் வந்தது. அவள் சொல்லச் சொல்ல, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி எழுதிக் கொடுப்பார். பிறகு நின்றுபோனது. எங்கள் ஊரில் மத்தியானம் மூன்று மணிக்கு மழை இருட்டிக்கொண்டு வரும். ஞானம்மா காயப்போட்ட துணிகளை வாரிக்கொண்டு எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குள் ஓடுவாள். அந்த நேரத்தில் நான் பாலைவனத்தில் நின்று வானத்தைப் பார்ப்பேன். வெயில்தான். "ஒரு வார்த்தை போதும் ஆண்டவரே" என்று கேட்பேன். பதில் வரவில்லை. ஜெபிப்பதையே விட்டுவிடலாமா என்றிருந்தது.

ஒரு நாள் காலையில் போன விமானம் மத்தியானமாகியும் திரும்பவில்லை. உள்ளே இரண்டு பேர். நான் தயார் செய்த விமானம். அன்று தபால் மூட்டை வரும் நாள். காலையில் வேலை செய்தபோது என் நினைப்பெல்லாம் அதில்தான் இருந்தது.

"காதரு, அந்த நட்டுக்குக் கம்பி கட்டினேனா?"

"கட்டியிருப்பீங்க அண்ணே."

"நீ பார்த்தியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "பார்க்கல அண்ணே."

பெட்ரோல் தகரங்களுக்குப் பின்னால் போய் முழங்காலிட்டேன். விமானியான அந்த வெள்ளைக்காரர், பறக்கும் முன் தம் தாய்க்கு எழுதிய கடிதத்தை என்னிடம்தான் கொடுப்பார், தபாலில் சேர்க்க. அன்றைய கடிதம் இன்னும் என் சட்டைப்பையில் இருந்தது. ஐந்து மாதமாக என் வீட்டுக்காக மட்டுமே கெஞ்சியிருக்கிறேன். அந்தத் தாயை அன்றுதான் நினைத்தேன். நாங்கள் ஏற்றிவிட்ட குண்டுகள் விழுந்த ஊர்களிலும் யாரோ ஒருத்தி வாசலைப் பார்த்துக் காத்திருந்திருப்பாள். அதையும் அன்றுதான் நினைத்தேன். "இவர்களைத் திருப்பித் தாரும். தப்பு என்னுடையதானால் தண்டனை எனக்கு வரட்டும்" என்று அழுதேன். எழுந்து நேரே அதிகாரியிடம் போய், கம்பி கட்டியது எனக்கு நிச்சயமில்லை என்று சொல்லிவிட்டேன். என்னை வேலையிலிருந்து விலக்கி, கூடாரத்தில் இருக்கச் சொன்னார். காதரும் தன் தொழுகையில் கேட்டான்.

மூன்றாம் நாள் ஆற்றுப் படகில் இருவரும் வந்து இறங்கினார்கள். தரையிலிருந்து சுட்ட குண்டு எஞ்சினின் தண்ணீர்த் தொட்டியைத் துளைத்திருந்தது. மணலில் இறங்கி நடந்திருக்கிறார்கள். ஆடு மேய்க்கும் ஒருவர் தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார். "பெட்ரோல் குழாயில் ஒரு குறையும் இல்லை, கடைசிவரை சரியாக இருந்தது" என்று விமானியே அதிகாரியிடம் சொன்னார்.

அவருடைய கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அழுதுவிட்டேன். ஏன் இந்த அழுகை என்று அவர் கேட்டார். காதர் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் என் கதையைச் சொன்னான். அவர் தோட்டத்தின் பெயரைக் குறித்துக்கொண்டு போனார். பதினோராம் நாள் ஒரு தந்தியோடு வந்தார். அவரே தோட்டத்துக்கு விசாரித்து அடித்த தந்திக்கு வந்த பதில். மனைவியும் பெண் குழந்தையும் சுகம், குளுவாங்கில் அவள் அண்ணன் வீட்டில்.

பிறகுதான் தெரிந்தது, மலேரியாவால் லயமே காலியாகியிருக்கிறது. கிராணியும் வேலையை விட்டுப் போய்விட்டார். அண்ணனிடம் என் பட்டாள விலாசம் சரியாக இல்லை. அவர் போட்ட கடிதங்கள் எங்கெங்கோ போயின.

எந்த மனிதருக்காக என்னை மறந்து ஜெபித்தேனோ, அவர் கையாலேயே எனக்குப் பதில் வந்தது.

யுத்தம் முடிந்து குளுவாங் ஸ்டேஷனில் இறங்கினேன். மகள் என்னைப் பார்த்து, தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கை நீட்டினேன். வரவில்லை.

"பயப்படுறா. கொஞ்ச நாளாகும்," என்றாள் ஞானம்மா. "நீங்க இருங்க. இனிமே எங்கயும் போயிடாதீங்க."

நான் போகவில்லை. இன்று எழுதத் தெரியாதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். யாரையோ எதிர்பார்த்து வாடிப்போயிருக்கும் சகோதர சகோதரிகளே, கேட்பதை நிறுத்திவிடாதீர்கள். உங்களைப் போலவே காத்திருக்கும் இன்னொருவரின் பெயரையும் உங்கள் ஜெபத்தில் சேர்த்துச் சொல்லுங்கள். ஆண்டவர் கேட்கிறவர். என் மகள் என்னிடம் வர மூன்று வாரம் ஆனது. ஒரு மத்தியானம், மழைக்குச் சற்று முன், தானாக வந்து என் மடியில் உட்கார்ந்தாள்.