பச்சை பிடித்த பைகள்

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு. யாரும் கண்டுபிடித்துச் சொல்லவேண்டியதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். ஒடுகத்தூர் கடையில் பருப்பு வாங்கினால் தராசையும் பார்ப்பேன், தராசுக்கு அடியிலும் பார்ப்பேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவள் கண்ணை மூடினால் நிஜமாகவே தூங்குகிறாளா என்று கவனிப்பேன். யார் வீட்டுக் குழம்பு வந்தாலும் மோந்து பார்க்காமல் வாயில் வைத்ததில்லை. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பார். அப்புறம் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

ஜவ்வாது மலையில் எங்களுக்கு ஒரே வாசலில் இரண்டு வீடு. ஒன்றில் நாங்கள். இன்னொன்றில் என் கொழுந்தனும் அவன் மனைவியும். கொழுந்தன் வருஷத்தில் பாதி நாள் குடகில் காபித் தோட்ட வேலைக்குப் போய்விடுவான். அவன் மனைவி, அதாவது என் ஓரகத்தி, ஆலங்காயம் பக்கத்துப் பெண். மலைக்கு வந்து நான்கு வருஷமாகியும் சாமை புடைக்கத் தெரியாது, புளி உடைத்தால் பாதி கொட்டை உள்ளேயே இருக்கும். ஆனால் பன்னிரண்டாவது படித்தவள். நான் பத்தோடு நின்றவள். அவளுக்குத் தெரியாததும் எனக்குப் பிடிக்கவில்லை, தெரிந்ததும் பிடிக்கவில்லை.

எங்கள் மகளிர் குழு சிப்பிக் காளான் வளர்க்கத் தொடங்கியபோது அவளும் வந்து சேர்ந்தாள். ஊர்க்கோடியில் புல் வேய்ந்து ஒரு கொட்டகை போட்டோம். கீழேயிருந்து வரும் நெல் வைக்கோலை நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, ஈரம் வடிந்ததும் பிளாஸ்டிக் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், ஓர் அடுக்கு காளான் விதை என்று நிரப்ப வேண்டும். பையில் சிறு துளைகள் போட்டுப் பஞ்சால் அடைத்து, இருட்டில் உறி போலத் தொங்கவிட வேண்டும். மூன்று வாரத்தில் வெள்ளை நூல் பரவிப் பை முழுக்கப் பாலாடை போர்த்தியதுபோல் ஆகிவிடும். அவரவர் பைக்கு அவரவர் கலரில் நாடா. கொட்டகைச் சாவி என்னிடம். அதை நானே கேட்டு வாங்கினேன், வேறு யாரை நம்புவது?

முதல் தடவை நன்றாக வந்தது. இரண்டாம் தடவை வெள்ளைக்கு நடுவே பச்சைப் பூசணம் பிடித்தது. முதலில் ஒரே ஒரு பை, அது யாருடையது என்பது இங்கே முக்கியமில்லை என்று அப்போது நினைத்தேன். என்னுடையதுதான். அடுத்த வாரம் ஓரகத்தியின் மஞ்சள் நாடாப் பைகளில் நாலைந்து பச்சையாயின. அதற்கடுத்து எல்லாருடையதிலும்.

குழுத் தலைவி எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். கண் மட்டும் ஓரகத்தி மேலேயே இருந்தது.

"இன்னாம்மா, வைக்கோல வேக வெச்சியா, சும்மா சுடுதண்ணில காட்டிட்டு எடுத்துட்டியா?"

"நல்லாத்தான் வேக வெச்சேன்க்கா."

"அப்போ உன் பைல மட்டும் எப்டி ஒரே வாரத்துல நாலஞ்சு வந்துச்சு? அடுத்த தடவையும் இதே மாதிரி ஆச்சுன்னா, யாரால வந்துச்சோ அவங்க குழுவ வுட்டு நின்னுக்கணும். இதுல ஒளிச்சுப் பேச இன்னா கீது."

ஓரகத்தி தலையை ஆட்டினாள். அந்தக் கொட்டகையை விட்டால் அவளுக்கு இந்த மலையில் போக இடமில்லை. புருஷன் குடகில், கைக்குழந்தை இடுப்பில், பேச்சுத் துணைக்கு நான். நான் எப்படிப்பட்ட துணை என்று இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். குழுவை விட்டு நிறுத்தினால் தாய்வீட்டுக்கே போய்விடுவதாகக் கொழுந்தனிடம் போனில் சொல்லி அழுததை நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். அழுகையே நடிப்போ என்றுகூட எனக்குத் தோன்றியது.

என் பை பச்சையானதிலிருந்தே அவள் பைகளின் பஞ்சை அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்றாம் தடவை பை கட்டியதும் அவளைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க ஆரம்பித்தேன். விடிந்ததும் மற்றவர்கள் வருமுன் கொட்டகையைத் திறப்பேன். தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி, மஞ்சள் நாடாப் பையில் பஞ்சை நெம்பி எடுப்பேன். துளையில் மூக்கை வைத்து மோப்பேன். நல்ல பை மழைக்குப் பிந்திய மண்போல மணக்கும், கெட்டது புளித்த நெடி அடிக்கும். பார்த்தபின் பஞ்சை அடைத்துவிட்டு அடுத்த பை. அவளுடையதை முடித்ததும், ஒப்பிட்டுப் பார்க்க என்னுடையது. அப்புறம் தலைவியுடையது. ஊசி மறுபடி கொண்டைக்குள் போய்விடும். ஒருநாள் அவள் வீட்டுக்குள்ளிருந்தே காளான் வாசம் வந்தது. சரிதான், திருடவும் ஆரம்பித்துவிட்டாள் என்று மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன்.

நான்காவது வாரம் மறுபடியும் பச்சை தலைகாட்டியது. தலைவி போன் செய்ததில், காளான் சொல்லிக்கொடுத்த மேடம் போளூரிலிருந்து வந்தார். கையில் ஒரு மைக்ராஸ்கோப். கொட்டகை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி மேல் வைத்து, வெயில் விழும்படி கண்ணாடியைத் திருப்பினார்.

முதலில் நல்ல பையின் வெள்ளை நூல். என் முறை வந்ததும் பார்த்தேன். நீளநீளமான குழாய்கள், நடுநடுவே தடுப்பு. தடுப்புக்கும் தடுப்புக்கும் இடையே இருப்பது ஒரு செல் என்றார் மேடம். உள்ளே ஒரு புள்ளி தெரிந்தது. அது செல்லின் கருவா, கண்ணாடியில் ஒட்டிய அழுக்கா என்று எனக்குச் சந்தேகம். கேட்டேன். "உங்க சந்தேகம் நல்ல சந்தேகம்தான்," என்று மேடம் கண்ணாடித் துண்டை நகர்த்திக் காட்டினார். புள்ளியும் சேர்ந்து நகர்ந்தது. அதனால் மட்டும் நான் நம்பிவிடவில்லை.

வெளியே சுவர், அதற்குள் மெல்லிய சவ்வு, அதற்குள் கூழ்போல ஒன்று, அதில் கரு, சாப்பாட்டை எரித்துத் தெம்பு எடுக்கும் மிகச்சிறிய உறுப்புகள் என்று மேடம் அடுக்கிக்கொண்டே போனார். பத்தாவதில் நானும் இதை வட்டம் போட்டு வரைந்திருக்கிறேன், ஆனால் உயிரோடு பார்த்ததில்லை. எல்லாவற்றிலும் அந்தச் சவ்வைத்தான் எனக்குப் பிடித்தது. வேண்டிய தண்ணீரையும் சத்தையும் உள்ளே விடுமாம், வேண்டாததை வெளியே நிறுத்திவிடுமாம். எவ்வளவு சின்னதானாலும் விவரமான பிறவி என்று நினைத்துக்கொண்டேன்.

"எல்லாத்தையுமே வெளிய நிறுத்திட்டா இன்னா ஆகும் மேடம்?" என்று கேட்டாள் ஓரகத்தி.

"செத்துடும்மா."

அடுத்து பச்சைப் பூசணம். கிளைகிளையாகப் பிரிந்த நூல்களின் நுனியில் கொத்துக்கொத்தாகப் பச்சை உருண்டைகள். ஒவ்வொன்றும் தனிச் செல், விதை மாதிரி என்றார் மேடம்.

"பச்சையா இருக்குதே, இலை மாதிரி வெயில்ல தன் சாப்பாட்டத் தானே செஞ்சுக்குமா?" மறுபடியும் ஓரகத்திதான்.

"இல்ல. இலையோட செல்லுக்குள்ள இருக்கற பச்சை வேற. இது நெறம் மட்டும்தான். காளானும் இதுவும் ஒரே வைக்கோலத்தான் தின்னுது. இது வேகமா தின்னுது. காளானோட செல்லையும் வுட்டுவைக்காது."

இவ்வளவு கேள்வி கேட்கிறவள் ஏதோ மறைக்கிறாள் என்றே எனக்குப் பட்டது.

காய்ந்துபோன உருண்டை செத்ததா என்று தலைவி கேட்டாள். சாகவில்லை, காத்துக்கொண்டிருக்கிறது என்றார் மேடம். ஈரமும் தீனியும் கிடைத்தால் ஊதிப் பெருத்து ஒரு முளைக்குழாயை நீட்டும், அது நூலாகும், நூல் நுனியில் மறுபடி உருண்டைகள். காற்றில் வரும், தண்ணீரில் வரும், கையில் ஒட்டியும் வரும். பைகளைச் சுற்றிப் பார்த்தவர் கடைசியில் சொன்னார்: "எல்லாப் பையிலயும் பஞ்சு வெச்ச துளைகிட்டதான் ஆரம்பிச்சிருக்கு. வேகாத வைக்கோல்னா உள்ள அங்கங்க வந்திருக்கும். இது யாரோ கையால போனது."

எல்லாரும் ஓரகத்தியைப் பார்த்தார்கள். நான் எல்லாரையும்விட முந்திப் பார்த்தேன்.

மேடம் அதற்கும் ஏற்பாட்டோடு வந்திருந்தார். உருளைக்கிழங்கு வெந்த தண்ணீரில் சர்க்கரையும் கடல்பாசியும் சேர்த்து இறுகவைத்த, மூடி போட்ட கண்ணாடித் தட்டுகள், ஆளுக்கொன்று. கை கழுவாமல், வேலைக்கு வருகிற மாதிரியே வரவேண்டுமென்று முதல்நாளே சொல்லி அனுப்பியிருந்தார். ஐந்து விரலையும் அந்தப் பாகில் லேசாக அழுத்தினோம். விரலில் ஒட்டியிருக்கிற பூசணச் செல்கள் வளர்ந்தால் கண்ணுக்குத் தெரியும், நான்கு நாள் கழித்து வந்து பார்க்கிறேன் என்றார். யார் தட்டு எது என்று டேப் ஒட்டிப் பெயர் எழுதும் வேலையை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். தட்டுகளைக் கொட்டகை அலமாரியில் வைத்துப் பூட்டியதும் நான்தான். ஓரகத்தி ராத்திரியோடு ராத்திரியாக ஏதாவது செய்துவிடக் கூடாதே.

மறுநாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் சில தட்டுகளில் வெள்ளைப் பொட்டுகள். நான்காம் நாள் காலையில் எல்லாரும் புளி உலுக்கப் போயிருந்தார்கள். மேடம் மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தார். அலமாரியைத் திறந்து முதலில் ஓரகத்தியின் தட்டை எடுத்தேன். மூன்று வெள்ளைப் பொட்டு. பச்சை மருந்துக்கும் இல்லை. இருக்க முடியாது என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மற்றவர்களுடையதில் ஓரத்தில் லேசாக ஒன்றிரண்டு வெள்ளைப் பொட்டு. கடைசியாக என்னுடையது.

இரண்டு விரல் பதிந்த இடம் மட்டும் பச்சைக் கம்பளி போலப் பொங்கியிருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். மற்ற மூன்று விரலும் சுத்தம். அந்த இரண்டு விரலால் மட்டும் நான் எதைப் பிடிக்கிறேன் என்று யோசித்தேன். யோசிக்கும்போதே கை தானாகக் கொண்டைக்குப் போனது.

தட்டு வைத்த அன்று காலையில்கூடப் பத்துப் பையைத் திறந்து பார்த்திருந்தேன். என் கெட்ட பையிலிருந்து அவள் பைக்கு, அவளிடமிருந்து தலைவிக்கு. ஒவ்வொரு துளையாக, ஒவ்வொரு விடியலிலும், நானே கொண்டுபோய் விதைத்திருக்கிறேன். தட்டைச் சட்டென்று முந்தானைக்குள் மறைத்தேன். வெட்கத்தால் என்று எழுத ஆசைதான். பயத்தால். தலைவி சொன்னது ஞாபகம் வந்தது, யாரால் வந்ததோ அவர்கள் நின்றுகொள்ள வேண்டும்.

என் தட்டின் டேப்பை நகத்தால் உரித்தேன். அவள் தட்டின் டேப்பையும் பாதி உரித்துவிட்டேன்.

"ஸ்டிக்கர வேணா மாத்திக்குங்கக்கா. மூடிய மட்டும் தொறந்துடாதீங்க."

கதவுக்கு உள்ளே தொங்கிய ஈரச் சாக்குப் படுதாவை ஒதுக்கிக்கொண்டு, தண்ணீர் தெளிக்கும் கேனோடு ஓரகத்தி நின்றிருந்தாள்.

"தொறந்தா மிச்சம் கீற பைக்கும் போய்டும்," என்றாள்.

தட்டுகளை அலமாரியில் வைத்தேன். "உனக்கு எப்போலேந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"போன தடவையே தெரியும். பஞ்ச நான் எடதுபக்கமா திருகி வெப்பேன். காலைல வந்து பாத்தா வேற மாதிரி இருக்கும்."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

அவள் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம், இருட்டான மூலையில், மஞ்சள் நாடா கட்டிய ஒரு பை தொங்கியது. அதே வைக்கோல், அதே வேக்காடு, அதே விதை. கொட்டகைக்குக் கொண்டுபோகாமல், யார் கையும் படாமல் வைத்துப் பார்க்க வேண்டுமென்று அவள் தனியே நிறுத்திய பை. ஒரு பொட்டுப் பச்சை கிடையாது. துளைகளிலிருந்து சிப்பி சிப்பியாகக் காளான் விரிந்திருந்தது. நான் திருட்டு என்று கணக்கு வைத்த வாசம் இதுதான். என் அடுப்பங்கரையிலிருந்து ஒரு சுவர் தள்ளி.

"இதத் தூக்கிட்டு வந்து காட்டியிருந்தா அன்னிக்கே உன்மேல பழி இல்லியே."

"உங்கமேல வந்திருக்கும். அப்புறம் ஒரே வாசல்ல எப்டிக்கா இருக்கறது?" குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "ஊருக்கே போய்டலாம்னுதான் இருந்தேன். மேடம் வரட்டும், அதுவரைக்கும் பாப்போம்னு வெச்சிருந்தேன்."

டேப்புகளை அதனதன் இடத்தில் மறுபடி ஒட்டினேன். மத்தியானம் மேடம் வந்து குழு கூடியதும், தட்டைப் பார்க்குமுன் நானே எழுந்து சொல்லிவிட்டேன். கொண்டை ஊசியைக்கூட உருவிக் காட்டினேன். டேப்பை உரித்ததை மட்டும் சொல்லவில்லை. ஓரகத்தியும் சொல்லவில்லை. தலைவி சாவியைக் கொடு என்று கை நீட்டினாள். சாவி ஓரகத்தியிடம் போனது. அடுத்த மூன்று தடவை நான் கொட்டகைக்குள் கால் வைக்கக் கூடாது, வெளியே வைக்கோல் நறுக்கலாம் என்று முடிவானது. நியாயம்தான். ஆனாலும் அழுகை வந்தது, அழுதேன்.

அன்று சாயங்காலம் ஓரகத்தி அந்தப் பையின் காளானைப் பறித்துக் குழம்பு வைத்து, ஒரு கிண்ணத்தில் எனக்குக் கொண்டுவந்தாள். வாங்கினேன். பழக்க தோஷம், கிண்ணம் தானாக மூக்குக்குப் போனது. பாதி வழியில்தான் எனக்கே தெரிந்தது. அப்படியே நின்றுவிட்டேன்.

அவள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவால்லக்கா," என்றாள். "மோந்து பாத்துட்டே சாப்டுங்க."